பிளக்ஸிலிருந்து இறங்கிய பொன்மாரி

மூணுபனை விலக்கில் பனை ஒன்றுகூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் எங்கள் ஊரில் ஒரு பெயருக்கும் அந்தப் பெயரைச் சுமக்கிற பொருளுக்கும் சம்பந்தம் இருந்தே ஆகவேண்டும் என்று யாரும் ஒருநாளும் பிடிவாதம் பிடித்ததில்லை. நாலு மணி பஸ் நாலேகாலுக்கு வரும், புதுத்தெருதான் ஊரிலேயே பழைய தெரு, ஒல்லி என்று நாங்கள் கூப்பிடுகிற தபால்காரர் எந்த வாசலிலும் பக்கவாட்டில்தான் நுழைவார். இந்த அலட்சியத்தோடு நாங்கள் பாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தோம், பொன்மாரி விஷயத்தில் அது எங்களைக் குப்புறத் தள்ளும்வரை.

என் சைக்கிள் கடை பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே இருப்பதால் நடந்ததில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியைப் பொன்மாரியே பஞ்சர் ஒட்ட வந்து உட்கார்ந்த நேரங்களில் சொன்னாள்.

பொன்மாரி, சண்முகத்தாய்க்கும் பரமசிவத்துக்கும் ஒரே பிள்ளை. பரமசிவம் குட்டியானை வண்டியில் லோடு அடிப்பவர், சண்முகத்தாய் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவள். இரண்டு வருஷம் வானம் பொய்த்து, மூன்றாம் வருஷம் முதல் மழை விழுந்த அன்றைக்குப் பிறந்ததால் அந்தப் பெயர். பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள், கருத்த மேனி, முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து, முகவாயில் நாலு தையல் போட்ட தழும்பு, இரண்டு முட்டியிலும் ஆறுவதற்குள் மறுபடி பெயர்ந்துவிடுகிற பொருக்கு. எல்லாம் கபடி கொடுத்த சீதனம். அவள் மூச்சுப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினால் எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் ஏழு பேரும் ஏழு திசைக்குப் போவார்கள், நாங்கள் கடையை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்போம்.

அவள் அந்தச் சித்திரையில் பெரிய மனுஷியானாள். அவளைவிட அவள் தாய்மாமன் கருத்தப்பாண்டிதான் அதிகம் பூரித்தான். பஸ் ஸ்டாப்பில் புரோட்டாக் கடை வைத்திருப்பவன், கூடப்பிறந்தது ஒரே அக்கா, அக்காவுக்கு ஒரே மகள், செய்யாமல் விடுவானா? வைகாசியில் சடங்கு வைத்து, ஐம்பத்தோரு தட்டுச் சீரோடு, பத்துக்கு இருபது அடியில் ஒரு பிளக்ஸ் போர்டும் அடிக்கச் சொன்னான். பிளக்ஸ் அடிக்கிற எபநேசர் போட்டோ எடுக்க வந்தபோது பொன்மாரி வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். சரி போகட்டும் என்று அவளுடைய பள்ளிக்கூட ஐடி கார்டை வாங்கிக்கொண்டு போனார் எபநேசர். அவர் கெட்ட மனுஷன் இல்லை. மவுஸைப் பிடித்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். தபால்தலை அளவில் முறைத்துக்கொண்டிருந்த முகத்தைப் பெரிசாக்கி, நிறத்தைக் கூட்டி, பல் சந்தை அடைத்து, தழும்பை அழித்து, உதட்டைச் சிரிக்க வைத்து, அவரிடம் தயாராக இருந்த ஊதா நிறக் கவுன் ஒன்றின்மேல் கழுத்தைப் பொருத்தி, தலையில் கிரீடமும் ஒரு கையில் ரோஜாவும் கொடுத்து, கவுனின் கீழ் ஓரத்தில் ஒரு முழ உயர எழுத்தில் ‘பொன்மாரி’ என்று அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். போர்டின் இரண்டு பக்கமும் கருப்புக் கண்ணாடி போட்ட கருத்தப்பாண்டி கைகூப்பி நின்றான்.

சடங்கு முடிந்த மூன்றாம் நாள், நாலு மணி பஸ் நாலேகாலுக்கு வந்து நின்று, இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறிய பிறகு, போர்டிலிருந்து அவளும் இறங்கினாள். முதலில் கிரீடம் வளைந்தது, பிறகு தோள் பிரிந்தது, பிறகு கவுன் ஓரமாக உரிந்து, முள்வேலியில் சேலை இழுபடுகிற சத்தத்தோடு தரைக்கு வந்து எட்டடி உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. போர்டில் அவள் நின்ற இடத்தில் அவள் வடிவிலேயே ஒரு ஓட்டை, அதன் வழியாகச் செல்போன் டவர் தெரிந்தது.

கருத்தப்பாண்டி புரோட்டாவைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“வா மருமவளே. டீ குடிக்கியா?”

“விழாவிற்கு வருகை தரும் தங்களை வருக வருக என வரவேற்கிறோம்” என்றாள் அவள்.

“ஏ, நான் உன் தாய்மாமன். என்னையவே வரவேக்கியா? நல்ல பழக்கந்தான்” என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த புரோட்டாவைப் போட்டான்.

அவள் வீட்டைக் கேட்டு விசாரிக்கவில்லை, நேராகப் போனாள். பக்கவாட்டில் திரும்பினால் ஆளே தெரியாது, ஆகையால் வாசலில் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை. உள்ளே போனதும் கிரீடம் உத்தரத்தில் தட்டி முன்பக்கமாக மடிந்துகொண்டது. முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்த சண்முகத்தாய் தலை நிமிராமல், “செருப்ப வெளிய விட்டியா?” என்றாள். பிறகு நிமிர்ந்தாள். கொல்லைப்பக்கமிருந்து முட்டியைக் கழுவிக்கொண்டு நம் பொன்மாரியும் வந்தாள். சண்முகத்தாய் இவளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், எழுந்துபோய் இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள். போர்டுக்காரி ஒரு பருக்கை தொடவில்லை. பெரிய மனுஷியானால் கொஞ்ச நாளைக்குச் சோறு இறங்காதுதான் என்று சண்முகத்தாய் அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

ஊரில் மூன்று நாள் இதே பேச்சு. எப்படி இறங்கினாள் என்று யாரும் கேட்கவில்லை, அது எபநேசரின் மிஷினைப் பொறுத்த சமாச்சாரம்; எங்கள் கவலையெல்லாம் வேறு. பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட்டா லக்கேஜா என்று கண்டக்டருக்கும் கருத்தப்பாண்டிக்கும் அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்து, நின்றால் டிக்கெட், சுருட்டினால் லக்கேஜ் என்று முடிவானது. போர்டு வைக்கப் பஞ்சாயத்தில் அனுமதி வாங்கியது ஏழு நாளைக்குத்தானே, எட்டாம் நாள் அது நடந்துபோனால் யார் பொறுப்பு என்று கவுன்சிலர் கேட்டார்; நடக்கிறதுக்கெல்லாம் அனுமதி வாங்கினால் ஊரில் ஒருத்தனும் வெளிக்குப் போகமுடியாது என்று கருத்தப்பாண்டி சொன்ன பதிலை எல்லோரும் ஒத்துக்கொண்டோம். போஸ்டர் தின்று பழகிய ஆடுகள் அவளைக் கண்டால் பின்னாலேயே போனதால் ஆட்டுக்காரர்கள் வேறு தடத்தில் ஓட்டினார்கள். ஆடிக் காற்று தொடங்கியதும் பரமசிவம் அவள் தோளில் ஒரு பித்தளை வளையம் அடித்து, லோடு கட்டுகிற நைலான் கயிற்றை அதில் கோர்த்து, மறுநுனியை வாசல் தூணில் கட்டிவிட்டார், சண்முகத்தாய் கவுன் ஓரத்தில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். அப்படியும் இரண்டு தடவை அவளைக் கண்மாய்க் கரையிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தோம்.

அவள் பேசியதெல்லாம் போர்டுப் பேச்சு. சாப்பிட்டாயா என்றால் ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்பாள். தொட்டில் குழந்தையைக் காட்டினால் ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்’ என்பாள். ஆனால் சிரிப்பு மாறாது, எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது, எவ்வளவு நேரம் நின்றாலும் கால் வலிக்கிறது என்று சொல்ல மாட்டாள். கல்யாணமா, காதுகுத்தா, பால்காய்ச்சா, எல்லா வீட்டு வாசலிலும் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். “உன் மக என்ன லட்சணமா நிக்கா மைனி” என்று நாலு பேர் சொல்லச் சொல்ல, பதிமூன்று வருஷமாகத் தழும்புக்கும் பொருக்குக்கும் பதில் சொல்லியே அலுத்துப்போன சண்முகத்தாய் குளிர்ந்துபோனாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

பொன்மாரிக்கு முதலில் கொண்டாட்டம்தான். பெரிய மனுஷியானபிறகு கபடி கிடையாது, அரை டிராயர் போட்டுப் புழுதியில் உருளக்கூடாது என்று சண்முகத்தாய் சொல்லியிருந்தாள். இப்போதோ வீட்டில் எந்நேரமும் ஒரு மகள் சிரித்தபடி நின்றதால் இன்னொரு மகள் எங்கே என்று தேட யாருக்கும் தோன்றவில்லை. அவள் விடிந்தால் மைதானம், பள்ளி விட்டால் மைதானம். என் கடையில் டிரவுசரை ஒளித்து வைத்து மாற்றிக்கொண்டு போவாள். விருந்தாளி வந்தால் உட்கார்ந்து பதில் சொல்லவேண்டாம், பூ வைத்துக்கொள்ளவேண்டாம், தெருவில் தலை குனிந்து நடக்கவேண்டாம். “எனக்கு இனி சனியனே கிடையாதுண்ணே” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

பெயர் போனதை அவள் கவனித்தது புரட்டாசியில்தான். அம்மா ஒருநாள் “பொன்மாரி” என்று கூப்பிட, இவள் “என்னம்மா” என்று போய் நின்றாள். “ஒன்னய இல்ல, அவள” என்றாள் சண்முகத்தாய். பிறகு அப்பாவும் அப்படியே ஆனார். ஒரே வீட்டில் ஒரே பெயருக்கு இரண்டு பேர் ஓடிவந்தால் குழப்பம்தானே, அது டீக்கடை பெஞ்சுக்கு வந்தது, ஒல்லித் தபால்காரர் தீர்ப்புச் சொன்னார்: “எழுத்துல யாருக்கு இருக்கோ அவளுக்குத்தான் பேரு. அவளுக்கு ஒரு முழ எழுத்துல இருக்கு. இவ கிட்ட என்ன ரெக்கார்டு இருக்கு?” ஐடி கார்டை எபநேசர் வாங்கிக்கொண்டு போனவர் திருப்பித் தரவேயில்லை. நியாயம்தான் என்றோம். நானும் சொன்னேன், இல்லை என்று இப்போது பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. அதற்குப் பிறகு இவளை ‘ஏ பிள்ள’ என்றும் ‘இந்தா’ என்றும் கூப்பிட்டோம், அவளும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மாவட்டப் போட்டி ஐப்பசியில் வந்தது. விளையாட்டு டீச்சர் ஜெசிந்தா பெற்றோர் கையெழுத்துக்கான பாரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார், ஏனென்றால் பொன்மாரி இல்லாமல் போனால் பஸ் டிக்கெட்டே தண்டம் என்பது அவருக்குத் தெரியும். சண்முகத்தாய் அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்து, போர்டுக்காரியின் பக்கமாகக் கையைக் காட்டினாள்.

“எம் மகளப் பாருங்க டீச்சர். இவளப் பாத்தா மண்ணுல உருளுத பிள்ள மாதிரியா இருக்கு? நான் எப்படி டீச்சர் கையெழுத்துப் போட?”

ஜெசிந்தா டீச்சர் காப்பியைக் கீழே வைத்தார். கதவோரம் முட்டியில் ரத்தம் காயாமல் நின்றவளைக் காட்டிக் கேட்டார்.

“அப்ப இது யாரும்மா?”

சண்முகத்தாய் திரும்பிப் பார்த்தாள். பதில் தெரியாத பிள்ளை டீச்சர் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அது… அதுவும் இங்கனதான் இருக்கு டீச்சர்” என்றாள்.

டீச்சர் பாரத்தை வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கு முன்னால் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ‘அதுவும்’ என்ற அந்த ஒரு வார்த்தைதான் தன்னை அறுத்தது என்று பின்னாளில் பொன்மாரி என்னிடம் சொன்னபோது, நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் மத்தியானம், அம்மா தீப்பெட்டி ஆபீஸிலும் அப்பா லோடிலும் இருந்த நேரம், அவள் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்து, தையல் பெட்டியிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போர்டுக்காரிக்கு முன்னால் நின்றாள். முதலில் பெயரை வெட்டுவதா, முகத்தை வெட்டுவதா என்றுதான் யோசனை. போர்டுக்காரி கத்தரிக்கோலைப் பார்த்தாள். சிரிப்புத்தான், அவளுக்கு வேறு முகம் அடிக்கவில்லையே. ஆனால் குரல் நடுங்கியது.

“அனைவரும்… வருக” என்றாள். பிறகு வாயை மூடி, எங்கிருந்தோ வார்த்தைகளைப் பொறுக்குகிறவள்போல் நின்று, முதன்முதலாக மனுஷப் பேச்சுப் பேசினாள்.

“ஏட்டி… ஒன் முட்டியில இருக்கே, அது வலிக்குமா?”

பொன்மாரி திகைத்துப்போய், “வலிக்கும்” என்றாள்.

“எனக்கு ஏன் அது இல்ல?”

“ஒனக்கு முட்டி எங்க இருக்கு? கவுன்தான் தரையைக் கூட்டுதே, தூக்கு பாப்பம்.”

அவளால் தூக்க முடியாது, ஒரு கையில் ரோஜா ஒட்டியிருந்தது, இன்னொரு கை இடுப்போடு சேர்த்து அடிக்கப்பட்டிருந்தது. பொன்மாரியே குனிந்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. எபநேசருக்குக் கவுன் வரைக்கும்தான் தேவைப்பட்டிருக்கிறது, அதற்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?

“ஏட்டி, ஒனக்குக் காலே அடிக்கலடி” என்றாள் பொன்மாரி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு அந்த ஊதாக் கவுனில் முகத்தை வைத்து அழுதாள், டீச்சர் வந்துபோனதிலிருந்து வராத அழுகையையும் சேர்த்து. கவுனில் பெயிண்ட் வாசம் அடித்தது. “அழாத” என்று சொல்லத் தெரியாமல் போர்டுக்காரி, “தங்கள் வருகைக்கு நன்றி, தங்கள் வருகைக்கு நன்றி” என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

அதற்குப்பின் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். பள்ளி விட்டு வந்ததும் முற்றத்தில் கரித்துண்டால் கோடு கிழித்துவிட்டுப் பொன்மாரி அவளை அந்தப் பக்கம் நிறுத்துவாள். மூச்சே கிடையாது என்பதால் போர்டுக்காரி ஒருதடவை ‘கபடி கபடி’ என்று தொடங்கினால் அரைமணி நேரம் விடாமல் சொல்லுவாள், அவளுக்கு ஈடுகொடுத்துச் சொல்லிச் சொல்லியே பொன்மாரியின் மூச்சு இரண்டு மடங்கு நீண்டது. போர்டுக்காரியின் முகவாயில் பால்பாயிண்ட் பேனாவால் நாலு தையல் போட்டுவிட்டாள் இவள். சண்முகத்தாய் சாயங்காலம் அதை எண்ணெய் தொட்டுத் துடைப்பாள், மறுநாள் இவள் மறுபடி போடுவாள். கையெழுத்துப் பேச்சை எடுக்க மட்டும் பொன்மாரிக்கு வாய் வரவில்லை. ‘அது’வாக இருக்கிற ஒன்று கேட்டால் அம்மா என்ன சொல்லுவாள்?

போட்டிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை பிற்பகல் மழை பிடித்தது. ஐப்பசி மழை இப்படி ஆகும் என்று தெரிந்தும் பரமசிவம் ஓடு மாற்றுவதைத் தள்ளிப் போட்டிருந்தார். பள்ளியை மூன்று மணிக்கே விட்டுவிட்டார்கள். பொன்மாரி வீட்டுக்குள் நுழையும்போது, அவள் படுக்கிற மூலையில் கூரை ஒழுகி, அலமாரித் தட்டில் மடித்து வைத்த ஏழாம் நம்பர் ஜெர்சியின்மேலும் அந்தப் பாரத்தின்மேலும் சொட்டு விழத் தொடங்கியிருந்தது. பாரத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, நகர்ந்த ஓடுகளைச் சரிசெய்ய வேப்பங்கிளை வழியாகக் கூரைக்கு ஏறினாள். போர்டுக்காரி தன் கயிற்றை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து, “எச்சரிக்கை, எச்சரிக்கை” என்று கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலேகாலுக்குச் சண்முகத்தாய் பஸ்ஸிலிருந்து இறங்கி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள். அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நானும் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் போனேன். முற்றத்துக்குள் நுழைந்தவள் கூரையைப் பார்க்கவில்லை. “ஐயோ, எம் பிள்ள பொன்மாரி நனையுதாளே” என்று போர்டுக்காரியைக் கட்டிப்பிடித்து அவசர அவசரமாகச் சுருட்ட ஆரம்பித்தாள். மழைக்கும் வெயிலுக்கும் நிற்கத்தான் பிளக்ஸை அடிப்பதே. அது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

மேலே ஓடு உடைந்தது. பொன்மாரியின் ஒரு கால் கூரைக்குள் போய், அதை இழுத்ததில் மறுகால் வழுக்கி, அவள் மடமடவென்று ஓடுகளோடு சரிந்து இறவாரத்து விளிம்புக்கு வந்தாள். அவள் கத்தவில்லை. கத்தினால் யார் பெயரைச் சொல்லி யாரைக் கூப்பிடுவாள்? கத்தியது சண்முகத்தாயின் கையில் பாதி சுருண்டுகிடந்தவள்.

“ஏட்டி! புடிட்டி! என்னயப் புடி!”

அத்தனை நாள் ஆடிக் காற்றுக்குப் பயந்து கட்டிப் போடப்பட்டிருந்தவள், அம்மா கையிலிருந்து திமிறிக்கொண்டு, அடித்த காற்றிலேயே ஏறி மேலே போனாள். நைலான் கயிறு வேப்பங்கிளையில் சுற்றி இறுக, எட்டடிக்கு விரிந்து கூரையின்மேல் குப்புற விழுந்தாள். கவுன் ஓரம் பொன்மாரியின் முகத்துக்கு நேரே வந்தது. அதை இரண்டு கையாலும் பற்றி, தொங்கி, முட்டி போட்டு, ஏறி உட்கார்ந்துவிட்டாள் பொன்மாரி. ஓரம் நீளவாக்கில் கிழிந்து ஒரு முழ அகலத் துண்டு அவள் கைக்குள்ளேயே வந்துவிட்டது.

சண்முகத்தாய் மழையில் கை இரண்டும் விரிந்தபடி நின்றாள். கைக்குள் ஒன்றுமில்லை. தலையை நிமிர்த்தினாள். கூரை உச்சியில் சேறும் ரத்தமுமாக, முகவாய்த் தழும்பில் தண்ணீர் வடிய, மூச்சு வாங்கிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

“பொன்மாரி!” என்று கூப்பிட்டாள்.

கூரை உச்சியில் இருந்தவள் அது தனக்கில்லை என்றுதான் இருந்தாள். எப்போதும் முந்திக்கொண்டு ‘வருக வருக’ என்கிற போர்டுக்காரிக்கும் கேட்டது. நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன், அவள் வாயைத் திறக்கவில்லை.

சண்முகத்தாய் வேப்பமரத்தடிக்கு ஓடினாள்.

“ஒன்னயத்தாண்டி கூப்பிடுதேன்! தழும்புக்காரி! எம் பல்லுச் சந்து! எறங்கி வாட்டி, ஆத்தா செத்துருவேன்!”

“வாரேம்மா” என்றாள் பொன்மாரி.

கீழே இறங்கியவளை அவள் முதலில் முதுகில் இரண்டு அடி வைத்துவிட்டுத்தான் கட்டிக்கொண்டாள். சட்டைக்குள்ளிருந்த பாரம் ஓரம் மட்டும் நனைந்திருந்தது. அதை அடுப்படியில் உலர்த்தி, சண்முகத்தாய் தன் பெயரை எழுத்துக்கூட்டி, இடம் போதாமல் மேல்நோக்கி வளைத்து எழுதினாள்.

மறுநாள் மைதானத்தில் ஐடி கார்டு எங்கே என்று கேட்ட அதிகாரியிடம், பொன்மாரி பையிலிருந்து, கூரையில் கிழிந்து வந்த துண்டை எடுத்து விரித்தாள். மழையில் சாயம் போகாத ஊதாவில் ‘பொன்மாரி’ என்று இருந்தது. அவர் ஜெசிந்தா டீச்சரைப் பார்த்தார், டீச்சர் ஆமாம் என்றார், அவர் டிக் அடித்தார். அரையிறுதிவரை போய் இரண்டு பாயிண்டில் தோற்றார்கள். கருத்தப்பாண்டி ஜெயித்தவர்களுக்கும் சேர்த்துப் புரோட்டா போட்டு அனுப்பினான்.

அன்றைக்குப் பகலிலேயே பரமசிவம் உடைந்த ஓடுகளை மாற்றினார். போர்டுக்காரியைத் திரும்ப இறக்கத்தான் போனார். அவள், “நான் இங்கனயே கிடக்கேன், இனி இந்த மூலை ஒழுகாது” என்று சொல்லிவிட்டாள். ஊரில் பாதி வீட்டில் ஓட்டுக்கடியில் பழைய பிளக்ஸ்தான் கிடக்கிறது, ஆனால் அதில் ஒருவரும் தாமாகச் சொல்லிப் படுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஓட்டுக்கும் கைமரத்துக்கும் நடுவில் அவளை விரித்தார். முகம் வீட்டுக்குள் பார்த்திருந்தது, கவுன் ஓரம் மட்டும் சுவரில் ஒரு சாண் வழிந்து தொங்கியது.

சாயங்காலம் பொன்மாரி வந்து, பையை எறிந்துவிட்டு, அந்த மூலையில் மல்லாக்கப் படுத்து, புதிதாகப் பெயர்ந்த முட்டியை மேலே தூக்கிக் காட்டினாள். “எங்க, இன்னும் கிட்டத்துல” என்றாள் மேலே இருந்தவள். அதைப் பார்த்துக்கொண்டு வாசற்படியில் நின்ற சண்முகத்தாய் உள்ளே போய், கோலத்துக்கு வைத்திருந்த காவிக்கட்டியையும் அடுப்புக்கரியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். மார்கழியில் அவள் வாசல் கோலத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள், கை அப்படி. கவுன் ஓரம் முடிகிற இடத்திலிருந்து சுவரில் கீழ்நோக்கி இரண்டு கால் வரைந்தாள், நல்ல கருத்த கால், பத்து விரலோடு. பிறகு காவியைத் தொட்டு, யோசித்துப் பார்த்து, இரண்டு முட்டியிலும் பொருக்கு வைத்தாள்.

“ரெண்டும் ஒண்ணு போல இருக்கட்டும்” என்று இறங்கிக் கையைத் துடைத்தாள். “பொன்மாரி மூத்தவ. மேல கிடக்கவ சின்னவ. அவளுக்கு நல்ல பேரா நாளைக்கு யோசிப்போம், இப்ப வந்து சாப்பிடு.”

சின்னவள் தன் கால்களை வெகுநேரம் பார்த்தாள்.

“ஏட்டி, வலிக்கவே மாட்டேங்கே?” என்றாள்.

“இப்பத்தானே வரைஞ்சிருக்கு” என்றாள் பொன்மாரி. “ரெண்டு நாள் போவட்டும், வலிக்கும்.”